போர்டில் எழுதியதை நானே நம்பினேன்

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் அருகே நானும் கணவரும் ஆட்டுக்கால் சூப் கடை நடத்துகிறோம். 'மூட்டுத் தேய்மானம் தீர' என்று போர்டிலேயே எழுதி வைத்திருந்தோம். போன வருடம் எனக்கே முட்டி பிடித்துக்கொண்டது. நடந்தால் இன்னும் தேயும் என்று பயந்து, நாற்காலியை விட்டு எழாமல் தினமும் இரண்டு டம்ளர் சூப் குடித்தேன். வலி கூடியதுதான் மிச்சம். ஒருநாள் எழும்போது கால் மடங்கி, கொதிக்கும் அண்டாவின் மேல் சாயப் போனேன். கணவர் தோளைப் பிடித்து இழுத்ததால் தப்பித்தேன்.

அவர் கூட்டிப்போய்க் காட்டிய டாக்டரம்மா கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டார். "முட்டிக் குருத்தெலும்புல கொலாஜன்னு ஒரு புரதம் இருக்குறது நெசந்தாம்மா. ஆனா குடிக்கிற சூப்பு வயித்துல செரிச்சுப் போயிரும், நேரா முட்டியில போயி ஒட்டாது. குருத்தெலும்புக்கு ரத்தக்குழாயும் கிடையாது. நடக்குறப்ப அமுங்கி விரிஞ்சாத்தான் பஞ்சு மாதிரி சத்தை இழுக்கும்."

ஊருக்கே விற்ற பேச்சை நானும் விழுங்கியிருக்கிறேன்!

தேய்ந்தது திரும்பாதாம், தொடைச் சதை வலுத்தால் வலி குறையுமாம். டாக்டரம்மா சொன்ன பயிற்சிகளைச் செய்து, இப்போது பேகம்பூர் வீட்டிலிருந்து கடைக்கு நடந்தே வருகிறேன்.

போர்டில் அந்த வரியை அழித்துவிட்டோம். முட்டி வலியென்று வருகிறவர்களிடம் டம்ளரை நீட்டி, "ருசிக்குக் குடிங்கண்ணே. முட்டிக்கு, முடிஞ்ச தூரம் நடந்தே வீட்டுக்குப் போங்க" என்கிறேன்.