கடைசி ஆள் இல்லாத வரிசை

போன வாரம் ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது எங்கள் கிளினிக் நர்ஸ் வசந்தா போன் செய்தார். "எஸ்தர் டாக்டர் பூட்டாங்க சார்" என்றார். மாரடைப்பில் இறந்துவிட்டாராம். வாயில் நுரையோடு அப்படியே நின்றேன். திருவொற்றியூரில் பல வருடங்களாக பல் டாக்டர்களான எனக்கும் எஸ்தருக்கும் ஒரே கிளினிக். அவரிடம் பல் பிடுங்கிக்கொண்ட நம் ஊர்க்காரர்களே, உங்களுக்கு அவர் கையின் லாகவம் தெரியும். எனக்குத் தெரிந்த இன்னொன்றைச் சொல்கிறேன். அதில் என் மானம் கொஞ்சம் போகும், போகட்டும்.

விசைப்படகில் வேலை பார்க்கும் செல்வம் ஒருநாள் கன்னம் வீங்கி வந்தார். தனக்கு எச்.ஐ.வி. இருப்பதையும் மாத்திரை தவறாமல் சாப்பிடுவதையும் அவரே சொன்னார். அப்படிப்பட்டவர்களை எல்லோரும் போன பிறகு கடைசியாகப் பார்ப்பது எங்கள் தொழிலில் பலரிடம் இருக்கும் பழக்கம். நான் அதைக்கூடச் செய்யவில்லை. எக்ஸ்ரே மிஷின் ரிப்பேர் என்று பொய் சொல்லி அனுப்பிவிட்டேன். தொட்டால் ஒட்டாது என்று பரீட்சையில் எழுதித் தேறியவன்தான் நானும்.

வாசற்படியில் உட்கார்ந்திருந்தவரை எஸ்தர் பார்த்து விசாரித்தார். "மிசினு ரிப்பேராம்மா. எந்த கிளினிக்குக்குப் போனாலும் எனுக்கு மட்டும் ரிப்பேராவே கீது" என்றார் செல்வம்.

எஸ்தர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். தன் வரிசையில் உட்காரவைத்து, செல்வத்தின் முறை வந்ததும் அழைத்து, அதே மிஷினில் படமெடுத்தார். சீழ் தாடைக்குக் கீழே இறங்கத் தொடங்கியிருந்தது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் உயிருக்கே ஆபத்து. கையுறையாவது இரண்டு ஜோடி போட்டுக்கொள்ளுங்கள் என்று எஸ்தரின் காதில் சொன்னேன்.

"நோயைச் சொன்னவருக்கு ரெண்டு ஜோடின்னா, சொல்லாதவங்களுக்கு எத்தனை போடுவீங்க? எல்லாருக்கும் ஒரே சுத்தம்தான் டாக்டர்" என்றார்.

பயமே இல்லையா என்று பிறகு கேட்டேன். "இருக்கு. அதனாலதான் கையில ஊசி இருக்கும்போது பேசவே மாட்டேன்." உங்களில் பலர் திமிர் என்று நினைத்த மௌனம் அதுதான். பயத்தையும் இப்படிக் கவனமாக்கிக்கொள்ள ஒருவரால் முடியுமா என்று எனக்கு இன்றும் பிரமிப்புத் தீரவில்லை.

எஸ்தரை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்தில் செல்வம் என் பக்கத்தில் வந்து நின்றார். வேறொரு பல் வலிக்கிறதாம். "இனிமே நீங்க பாப்பீங்களா சார்? கடைசியா வேணா வரேன்" என்றார். உங்கள் முறைக்கே வாருங்கள் என்றேன்.

மறுநாள் நான்காவதாக வந்தார். நான்காவதாகவே பார்த்தேன். ஒரே ஜோடி கையுறைதான்; ஊசியைக் கையில் எடுத்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டேன். எஸ்தரின் நினைவாக நான் வைத்துக்கொள்வது அவருடைய நோயாளிகளைத்தான். அவர்கள் என்னை நம்ப வேண்டுமே என்பதுதான் இப்போது என் பயம்.