பழைய மண்ணுக்குத் தக்கைப்பூண்டு

சித்திரையில் தக்காளி முடிந்தபோது மொட்டைமாடிப் பைகளில் இருந்த மண்ணும் முடிந்துபோயிருந்தது. தென்னைநார்த் தூளும் தொழுவுரமும் கலந்து விற்கிறார்களே, அந்தக் கலவை. உள்ளே வேர்தான் இருந்தது. ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓரமாக வழிந்தது.

நர்சரிக்காரரிடம் கேட்டேன். "பழசைக் கொட்டிட்டுப் புதுசு வாங்கிக்கங்க" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருவாரூர் பக்கம் எங்கள் வயலில் தாத்தா காலத்திலிருந்து நெல் போடுகிறோம். ஒரு வருஷமாவது வயலைத் தூக்கிக் கொட்டிவிட்டுப் புது வயல் வாங்கினோமா?

தஞ்சாவூரில் நாங்கள் இருப்பது வாடகை மாடி. கீழே வீட்டுக்காரம்மா. அவர் வேறு கெடு வைத்திருந்தார்.

"ஐப்பசி மழைக்கு முன்னாடி தளத்துக்கு ஒழுகாம இருக்க மருந்து அடிக்கணும். இந்தக் குப்பையெல்லாம் கீழ எறக்கிடும்மா. இல்லன்னா நானே ஆளு விட்டு எறக்கிடுவேன்."

"அது குப்பை இல்லக்கா. மண்ணு."

"அதுல என்ன வெளையுது சொல்லு."

கோபத்தோடு வேலையை ஆரம்பித்தேன். மண்ணைக் கொட்டி, வேரைப் பொறுக்கி, வெயிலில் காயவைத்து, மறுபடி பைகளில் நிரப்பித் தக்கைப்பூண்டு விதைத்தேன். நடவுக்கு முன்னால் வயலில் விதைத்து மடக்கி உழுகிற அதே பசுந்தாள் செடி. வைகாசி வெயிலில் இடுப்புயரம் வந்துவிட்டது. காலையில் பல் துலக்கும் முன் மாடிக்கு ஓடினேன். வேரைப் பிடுங்கிப் பார்த்தால் உருண்டை உருண்டையாக முடிச்சு. சத்து அங்கேதான் சேர்கிறது. கணவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துவிட்டார்.

பூக்கும் முன் வெட்டி மண்ணிலேயே புதைத்தேன். அடுத்து செய்ததுதான் முட்டாள்தனம். வயலில் தண்ணீர் கட்டித்தானே மிதிப்போம் என்று, பைகளின் அடித்துளைகளைத் துணியால் அடைத்துத் தண்ணீரைத் தேக்கிவிட்டேன்.

நாலைந்து நாளில் நாற்றம் தெருவுக்கே போனது. வீட்டுக்காரம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மேலே வந்தார்.

"எலி செத்துக் கெடக்குன்னு பீரோவக்கூட நகத்திப் பாத்துட்டேன். இங்கேருந்தா வருது?"

"பையில சம்பாவுக்குச் சேறு அடிச்சிருக்கா, அக்கா," என்றார் என் கணவர். "நாத்து வந்ததும் நீங்களும் நடவுக்கு வாங்க."

"நடவு என்ன, நேரா அறுப்புக்கே வர்றேன். பொரட்டாசியில ஆளு வரும். பாத்துக்க."

துணிகளைப் பிடுங்கி எறிந்தேன். கறுப்பாகத் தண்ணீர் வடிந்தது. காய்ந்த சாணத்தூளைக் கலந்து, கிளறிக் கிளறி ஆறவிட்டேன். ஆனி கடைசியில் ஒரு நாள் கையை விட்டால் முழங்கைவரை இறங்கியது. பிடித்தால் பிடிபட்டது, விட்டால் உதிர்ந்தது. நாற்றம் போய், முதல் மழை பெய்த வரப்பின் வாசனை வந்தது. மண்புழு வேறு நெளிந்தது. நர்சரிக்காரரை இழுத்து வந்து அந்த மண்ணில் அவர் முகத்தை வைத்து அழுத்தலாம் போல இருந்தது.

ஆடியில் வெண்டை போட்டேன். ஆவணிக் கடைசியில் காய் ஒடிக்க ஒடிக்க வந்தது. கோபம் தீராமலே முதல் கூடையை வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்தேன்.

"இதான் அந்தக் குப்பை."

அவர் ஒரு காயின் நுனியை ஒடித்துப் பார்த்தார். பட்டென்று ஒடிந்தது. கூடையோடு உள்ளே போய்விட்டார்.

புரட்டாசியில் ஆட்கள் வந்தார்கள். நான் பைகளுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன், சண்டைக்குத் தயாராக. பின்னாலேயே வீட்டுக்காரம்மா மூச்சு வாங்க மேலே ஏறி வந்தார்.

"பைய எல்லாம் அந்தப் பக்கம் ஒதுக்கிட்டு இந்தப் பக்கம் அடிங்கப்பா. காஞ்சதும் இங்க மாத்திட்டு அதை அடிச்சுக்கலாம். பாத்துத் தூக்குங்க, காய் ஒடிஞ்சிடப் போவுது."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"என் ரோஜாத் தொட்டிக்கு ரெண்டு சட்டி மண்ணு குடு. நாத்தம் அடிக்காததா பாத்துக் குடு."