பதிவேட்டில் ஒரே ஒரு மேக்னம்

சைதாப்பேட்டை ஆபீசில் துப்பாக்கி லைசென்ஸ் புதுப்பிக்கும் குமாஸ்தாவாக இருந்தேன். அதிகாரி ஒருவரைத் தவிர யாருக்காகவும் நாற்காலியை விட்டு எழுந்ததில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை அந்தத் தோல் வியாபாரி வருவார். நெட்டையான உடம்பு, துருக்கித் தொப்பி, மடிப்புக் கலையாத ஷெர்வானி. அவருடைய ரிவால்வர் நீளத் தோட்டா போடும் மேக்னம் ரகம். எங்கள் பதிவேட்டில் அந்த ரகம் அது ஒன்றுதான். யுத்தம் வந்ததும் அதற்கான தோட்டா கப்பலில் வருவது நின்றுபோயிற்று. அவரோ தரமணிப் பொட்டலில் சுட்டுவிட்டு, காலிப் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, அனுமதி வாங்கிய வெடிமருந்தும் ஈயமும் வைத்து வீட்டிலேயே மறுபடி நிரப்புவார். ஒவ்வொரு தடவை நிரப்பும்போதும் கூட்டின்மேல் ஊசியால் ஒரு கோடு கிழிப்பார். சோதனைக்கு வந்தால் தம்மிடமிருந்த பன்னிரண்டு தோட்டாக்களையும் என் மேஜையில் வரிசையாக நிறுத்துவார்.

"சின்னத் தோட்டா கடையில கிடைக்குதே பாய். இதுல அதுவும் போகுமாமே. எதுக்கு இந்தப் பாடு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"போவும் சாப், சுடவும் சுடும். ஆனா லைசென்ஸ்ல மேக்னம்னு எழுதிக்கீதே. நீங்க கைப்பட எழுதினதுதானே?"

அடுத்த வருஷம் வரிசையில் ஒரு கூடு வாய் பிளந்து, காலியாக நின்றது. அதன்மேல் ஒன்பது கோடுகள்.

"இதை எதுக்குக் கொண்டுவந்தீங்க? இனிமே நிரப்ப முடியாதே."

"ஒம்போது வாட்டி உழைச்சிக்கீது சாப். வரிசையில நிக்கட்டும்."

விதிப்படி தோட்டா பதினொன்று என்றுதான் எழுதினேன். லைசென்ஸை அவரிடம் நீட்டியபோதுதான் கவனித்தேன், நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன்.