திரைச் செய்தியைப் பற்றி மூன்று முறை எழுதிய கட்டுரை

எண்பதுகளின் நடுவில், முப்பத்து நான்கு வயதில், நான் மறுபடியும் மாணவியானேன். ஆறாம் வகுப்போடு நின்றுபோன படிப்பு. பகலில் தொழிற்சாலையில் ரேடியோ பாகங்களைப் பற்றவைக்கும் வேலை. வாரத்தில் இரண்டு மாலை, சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில் ஒரு மாடி அறையில், பொதுத்தேர்வுக்கான வகுப்பு. ஈயப் புகையில் கண் எரிந்துகொண்டே இருக்கும். பஸ்ஸில் நின்றபடி தூங்கப் பழகியிருந்தேன்.

தமிழ் எடுத்த டீச்சருக்கு என்னைவிட எட்டு வயது குறைவு. என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஆனால் சிவப்புப் பேனாவைக் கையில் எடுத்துவிட்டால் அக்கா, தங்கை என்று பார்க்க மாட்டார்.

டெலிடெக்ஸ்ட் வந்த புதிது அது. ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் டிவித் திரையிலேயே செய்தி எழுத்தாக வரும். அதையும் செய்தித்தாளையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுதச் சொன்னார் டீச்சர். குவீன்ஸ்டவுனில் எங்கள் வீட்டு டிவியில் அந்த வசதி கிடையாது. ஞாயிறு பூசை முடிந்து வந்து, கடையில் வாங்கிய டெலிடெக்ஸ்ட் விளம்பரத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று பக்கம் எழுதினேன். மின்னல் வேகம், அறிவியலின் அருட்கொடை என்றெல்லாம் அடுக்கியிருந்தேன். எழுதி முடித்தபோது பெருமையாகத்தான் இருந்தது.

கட்டுரை திரும்பி வந்தது. 'திரைச் செய்தி உடனுக்குடன் உண்மையைத் தருகிறது' என்ற வரியின் கீழ் சிவப்புக் கோடு. பக்கத்தில், 'யார் சொன்னது? நீங்கள் பார்த்தீர்களா?'

"எட்டு மணி நேரம் வேலை பாத்துட்டு வந்து எழுதறேன் டீச்சர். இதுக்கு மேல எங்க போய்ப் பாக்கறது?" என்றேன்.

"கீழ டிவி கடை இருக்குக்கா. பத்து நிமிஷம் நின்னு பாருங்க."

கோபத்தோடுதான் மறுவாரம் வகுப்புக்கு முன்னால் அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரர் செய்திப் பக்கத்தைப் போட்டுக் காட்டினார். எல்லாம் ஆங்கிலம், எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். உட்லண்ட்ஸ் சாலையில் பஸ்ஸும் லாரியும் மோதல், நால்வர் காயம். அவ்வளவுதான். பக்கம் தானாக மாறிவிட்டது.

என் கணவர் எல்லைக்கு அந்தப் பக்கம் ஜொகூரிலிருந்து வரும் ஆட்களைத் தொழிற்சாலைக்கு ஏற்றிப்போகும் பஸ்ஸை ஓட்டுகிறவர். தினமும் அதே சாலைதான். பக்கம் மறுபடி வரும்வரை காத்திருந்தேன். அப்போதும் அதே வரிகள். எந்த பஸ், யார், எதுவும் இல்லை. கடைக்காரரிடம் கேட்டு, அங்கிருந்தே கணவருடைய ஆபீசுக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. வகுப்புக்குப் போகாமல் வீட்டுக்கு ஓடினேன்.

ஏழரைக்கு அவர் வந்தார். சட்டையெல்லாம் புழுதி. எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

"அது என் பஸ் இல்ல லா. எனக்கு முன்னாடி போனது. சாப்பாடு இருக்கா?"

சோற்றைப் போட்டுக் கொடுத்துவிட்டு, உட்கார்ந்தவள் அப்படியே தூங்கிப்போனேன்.

மறுநாள் தமிழ்ப் பேப்பரில் இருவருக்குக் காயம் என்று இருந்தது. எனக்கு ஒரே திருப்தி. திரை பதறவைத்தது, பேப்பர்தான் சரியாகச் சொன்னது என்று இரண்டாவது முறை எழுதிக் கொடுத்தேன்.

டீச்சர் இந்த முறை, 'நன்று. ஆனால் பேப்பர் சொன்னதுதான் சரி என்று எப்படித் தெரியும்?' என்று எழுதியிருந்தார்.

அழுகையே வந்தது. படிப்பும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று நோட்டைச் சாப்பாட்டு மேசைமேல் போட்டேன். கணவர் எடுத்துப் பொறுமையாகப் படித்தார்.

"ரெண்டு பேர்னா எழுதிருக்கே? மூணு பேர். நான்தான எறக்கி விட்டேன். ஒரு பொம்பளைக்குத் தலையில அடி. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் என் துண்டைத்தான் வச்சு அமுக்கிட்டு இருந்தேன்."

"ஏங்க, இதை ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"நீ எங்க கேட்டே?"

அவர் சொன்னது உண்மைதான். திரையைப் பார்த்தேன், பேப்பரைப் பார்த்தேன். அந்த இடத்தில் நின்றவர் என் வீட்டிலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் வேலையும் என் வேலையுமாக, நாங்கள் சரியாகப் பேசியே பல மாதம் ஆகியிருந்தது. அன்று அவர் மெதுவாக ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்தப் பெண் மலாய்க்காரியாம், பிள்ளையின் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தாளாம். 

மூன்றாவது கட்டுரையில் அருட்கொடை, மின்னல் எதுவும் இல்லை. மூன்று எண்ணிக்கையையும், அவை யார் யார் சொன்னவை என்பதையும் எழுதினேன். என் கணவரும் பதற்றத்தில் தவறாக எண்ணியிருக்கலாம் என்று ஒரு வரி சேர்த்தேன். டீச்சர் அந்த வரியை ஒன்றும் செய்யவில்லை. ஒற்றுப்பிழை மட்டும் பதினொன்று இருந்தது.

அந்த வருஷத் தேர்வில் தமிழில் தேறினேன், கணக்கில் போய்விட்டது. மறுபடி எழுத உடம்பில் தெம்பில்லை. இன்னும் நாலு வருஷம் தொழிற்சாலையில் அதே மேசையில் உட்கார்ந்து ரேடியோ பாகங்களைப் பற்றவைத்தேன்.