சீசாக்காரியும் தகரம் போட்ட கிணறும்

மாவு மில்லில் வேலை பார்த்ததால் முதலில் அவள் மில்லுக்காரி. தண்ணீர் ஆபீஸ் பயிற்சிக்குப் போய், குட்டிக் குட்டிச் சீசாக்கள் அடுக்கிய நீலப் பெட்டியோடு திரும்பி வந்த நாளிலிருந்து சீசாக்காரி. பெயர் வைத்தவள் நான்தான். எனக்குத் தையல் தொழில். என் வாயும் கத்தரிக்கோலும் ஒரே கடையில் சாணை பிடித்தவை என்று தெருவில் சொல்வார்கள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "மாவு தும்ம வைக்கும், சீசா அப்படியில்ல" என்று சிரித்தாள்.

தெருவுக்கு ஒரு பெண் குடிதண்ணீரைச் சோதித்துச் சொல்ல வேண்டும் என்பது ஆபீஸ் ஏற்பாடு. மற்றவர்களெல்லாம் வேலை இருக்கிறது என்று நழுவினோம். அவள் போனதற்குக் காரணம் தங்கை மகள். தாயில்லாப் பிள்ளையை இவள்தான் வளர்த்தாள். பால்பல் விழுந்து முளைத்த புதுப் பற்களில் பழுப்புக் கோடுகள். அந்தப் பிள்ளை கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்கும். இதே தண்ணீரைக் குடித்தால் அடுத்தது எலும்புதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முட்டி மடங்காத பெரியவர்கள் எங்கள் தெருவில் அப்போதே வீட்டுக்கு ஒருவர் இருந்தார்கள். வயசுக் கோளாறு என்று தைலம் தடவிக்கொண்டிருந்தோம்.

ஆழ்குழாய்த் தண்ணீரில் அவள் ரோஸ் நிற மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். மருந்து மஞ்சளாக மாறியது. மஞ்சளானால் பல்லையும் எலும்பையும் கெடுக்கிற ஃபுளோரைடு உப்பு இருக்கிறதாம்; ரோஸாகவே நின்றால்தான் நல்ல தண்ணீராம். பக்கத்துத் தெருக் குழாய்களும் மஞ்சள்தான். நாங்கள் நம்பவில்லை. பளிங்கு மாதிரி இருக்கிற தண்ணீர், குடித்தால் நாக்கில் இனிக்கும், அதைப் போய் நஞ்சு என்றால் யார் நம்புவார்கள்?

மிச்சம் இருந்தது என் ஜன்னலுக்கு எதிரே இருக்கும் கிணறு. அதற்குத் தகரம் போட்டு மூடியிருந்தோம். அதில்தான் அவள் தங்கை செத்துப்போனாள், அந்தப் பிள்ளை தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில்.

தவறி விழுந்தாளா, தானாக விழுந்தாளா என்பது யாருக்கும் தெரியாது. செருப்பு இரண்டும் மேடைக்குக் கீழே ஒழுங்காக இருந்தன. சாகப் போகிறவள்தான் செருப்பைக் கழற்றி வைப்பாள் என்று ஒரு கட்சி. மேடை ஏறித் தண்ணீர் இறைக்கிற எல்லாருமே கழற்றித்தான் வைப்போம் என்று இன்னொரு கட்சி. பேசிப் பேசி ஓய்ந்து தகரத்தைப் போட்டோம். காற்றடித்தால் அது தடதடவென்று அடித்துக்கொள்ளும். பட்டப்பகலில்கூட எனக்கு மெஷினை மிதித்த கால் அப்படியே நின்றுவிடும்.

சீசாக்காரி அந்தத் தகரத்தின் ஒரு மூலையை நெம்பினாள். கயிற்றில் கட்டி ஒரு சீசாவை உள்ளே இறக்கியதை நான் ஜன்னலில் இருந்து பார்த்தேன். மருந்து விட்டாள். வெகுநேரம் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். பிறகு என் வாசலுக்கு வந்தாள்.

"ரோஸ் மாறவே இல்லக்கா."

நல்ல செய்தி சொல்கிற முகமா அது? எழவு சொல்ல வந்தவள் முகம்.

இரண்டாவது சோதனையில், அதே கிணற்றுத் தண்ணீரை ஊற்றி மூடி வைத்த சீசா மறுநாள் கறுத்தது. கிருமி. தூர் வாரிச் சுத்தம் செய்தால் சரியாகும் என்றாள். ஆண்கள் யாரும் அந்தக் கிணற்றுப் பக்கம் வரவில்லை. மில் முதலாளியிடம் மோட்டாரை வாங்கி நாங்களே இறைத்தோம். இடுப்பில் கயிறு கட்டி முதலில் இறங்கியவள் அவள்தான். சேற்றைக் கூடை கூடையாக மேலே ஏற்றினாள். அதோடு வாளிகளும் வந்தன. கயிறு அறுந்து காலங்காலமாக நாங்கள் தொலைத்த வாளிகள். "ஐயோ, என் மாமியா திட்டினது இதுக்குத்தான்டி!" என்று பால்காரி ஒன்றைக் கட்டிக்கொண்டாள். எல்லாரும் சிரித்தோம். சீசாக்காரி மட்டும் மேலே வந்து ஒவ்வொரு வாளியாகத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். தங்கையின் வாளி கிடைத்தால், தண்ணீர் எடுக்க வந்தவள் தவறி விழுந்தாள் என்று ஆகிவிடும். ஆனால் எல்லாம் துருவேறி ஒரே மாதிரி இருந்தன. எது அவளுடையது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, பிளீச்சிங் பவுடர் போட்டு, மில் கூரையின் மழைத் தண்ணீர் மணலில் வடிந்து கிணற்றுக்கு வரக் குழாயும் வைத்தாள். சீசா இப்போது கறுக்கவில்லை. ஆனாலும் யாரும் குடிக்கவில்லை.

"நீ மொதல்ல குடி, அப்புறம் பாக்கலாம்" என்றாள் பால்காரி.

சீசாக்காரி எல்லார் முன்னாலும் ஒரு டம்ளர் குடித்தாள். அடுத்த டம்ளரைத் தங்கை மகள் கையில் கொடுத்தாள். தாய் செத்த கிணற்றுத் தண்ணீரை அந்தப் பிள்ளை மடமடவென்று குடித்தது. அதற்கு மேல் வீம்பு பிடிக்க எந்த முகத்தோடு முடியும்? ஒவ்வொருவராகக் குடத்தோடு வந்தோம். பிளீச்சிங் போட முறை வைத்துக்கொண்டோம். பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பல் வெள்ளையாக முளைத்தது.

ஒன்றை மட்டும் நான் கவனித்திருந்தேன். தண்ணீர் இறைக்கும்போது அவள் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொள்வாள். அக்காவும் தங்கையும் உரித்து வைத்த ஒரே சாயல். ஏன் என்று கேட்கிற விஷயமா அது?

வருஷங்கள் போயின. சீசாக்காரி காலை இழுத்து நடக்க ஆரம்பித்தாள். தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. "மில்லுல நின்னே தேஞ்சுட்டேன்க்கா" என்பாள். நாங்களும் நம்பினோம்.

தங்கை மகள் இதற்குள் வளர்ந்து, நீலப் பெட்டி வேலையையும் கற்றுக்கொண்டிருந்தாள். ஒரு மத்தியானம் பழகுவதற்காக வீட்டுப் பானைகளையெல்லாம் சோதித்திருக்கிறாள். அடுப்படி மூலையில் பெரியம்மா தனக்கென்று வைத்திருந்த சின்னப் பானைத் தண்ணீர் மஞ்சளாகிவிட்டது. சீசாவும் கையுமாக என்னிடம் ஓடி வந்தாள். மில்லில் இருந்து சீசாக்காரி திரும்பியதும் நான் பிடித்துக்கொண்டேன்.

"ஏண்டி, ஊருக்குத்தான் உபதேசமா? இன்னும் கொழாத் தண்ணியவா குடிக்கிற?"

அவள் சீசாவைப் பார்த்தாள். மறைக்கவில்லை. "அன்னிக்கு ஒரு டம்ளர் குடிச்சேன்ல, அதோட சரிக்கா. டம்ளரத் தூக்கினா அவ மொகம் தெரியுது. அவளையே குடிக்கிற மாதிரி இருக்கு. என்னால ஆகல."

"அப்ப எனக்கு எப்படிப் பெரியம்மா குடுத்தீங்க?" என்றாள் அந்தப் பெண்.

"உனக்குக் காலு வேணும்ல."

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அந்தப் பெண் அழவில்லை. பெரியம்மாவின் கையைப் பிடித்துக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"எனக்கு அம்மா மொகமே ஞாபகம் இல்ல. நீங்க பக்கத்துல நின்னு இறைக்கும்போது தண்ணியில உங்க மொகம் பாதி தெரியும். அதத்தான் அம்மான்னு பாத்துக்குவேன். நீங்களும் முடங்கிட்டா நான் யாரப் பாப்பேன்?"

சீசாக்காரி கிணற்று விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். முதல்முறையாக முகத்தைத் திருப்பாமல் உள்ளே குனிந்தாள். பிறகு, நாங்கள் யாருமே இத்தனை வருஷமாக வாய்விட்டுக் கேட்காததைக் கேட்டாள்.

"வழுக்கிச்சாடி? இல்ல, நீயாவா?"

கிணறு அவள் குரலையே திருப்பித் தந்தது. அந்தப் பெண் வாளியை இறக்கினாள். தண்ணீரில் இருந்த முகம் கலைந்தது. இறைத்து, டம்ளரில் ஊற்றி நீட்டினாள்.

"எதுவா இருந்தா என்ன பெரியம்மா? குடிங்க."

அவள் கண்ணை மூடாமல் குடித்தாள்.