இரண்டும் ஒன்றுதான் என்று சொன்னேன்

போன செவ்வாய்க்கிழமை காலை, விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் எங்களைக் கூட்டி வைத்து, ஆளுக்கொரு படிவத்தைக் கொடுத்தார்கள். அதில் ஒரே ஒரு கேள்வி. தாய் நிறுவனமும் அதன் மலிவுக் கட்டண விமான நிறுவனமும் தனித்தனியாகப் பிரிய வேண்டுமா, வேண்டாமா? காரணம் எழுத நான்கு கோடுகள் போட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

நான் சென்னை விமான நிலையத்தில் கவுன்ட்டரில் நிற்கிறவள். பெட்டியை எடை போட்டு, போர்டிங் பாஸ் கொடுத்து, சிரிக்க வேண்டும். காஞ்சிபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். பதினான்கு வருடம் பெரிய கம்பெனியில் நின்றேன், நான்கு வருடமாகச் சின்னதில் நிற்கிறேன். பெரியதில் ஏறினால் சாப்பாடு, போர்வை எல்லாம் உண்டு. சின்னதில் தண்ணீர் பாட்டிலுக்கும் விலை. முதலாளி ஒருவர்தான். ஆள் போதவில்லை என்று எங்களில் சிலரைச் சின்னதுக்கு மாற்றியபோது, கொஞ்ச நாளில் திரும்ப அழைத்துக்கொள்வோம் என்றார்கள். நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

இப்போது பிரித்துவிட்டால், யார் எங்கே நிற்கிறார்களோ அங்கேயேதான். பழைய சர்வீஸ், பெரிய கம்பெனிக்குத் திரும்பும் வாய்ப்பு எல்லாவற்றுக்கும் ஒரே முழுக்கு. அதனால் கூட்டத்தில் எல்லோரும் கத்தினார்கள். இலவச பயணப் பாஸ் என்னவாகும் என்று ஒருவர், சீனியாரிட்டி என்னவாகும் என்று இன்னொருவர். எங்கள் மேலாளர் எல்லோருக்கும் ஆமாம் போட்டுக்கொண்டிருந்தார். பிரிந்தாலும் நல்லது, சேர்ந்திருந்தாலும் நல்லது என்று ஒரே மூச்சில் பேசக்கூடியவர் அவர். என்னைப் பார்த்து, "என்ன மேடம், நீங்க ஒண்ணும் பேசலியா? உடம்பு கிடம்பு சரியில்லியா?" என்றார். வாயாடி என்று பெயர் வாங்கியவள் நான். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

எங்களிடம் இரண்டு பதில்கள் இருந்தன. விற்கும்போது ஒன்று, மாட்டிக்கொள்ளும்போது ஒன்று. சின்ன கம்பெனி விமானத்தில் ஏறத் தயங்குகிறவரிடம், "ரெண்டும் ஒரே கம்பெனிதான் சார், பயப்படாதீங்க" என்போம். அதே ஆள் விமானத்தைத் தவறவிட்டு, பெரியதில் ஏற்றி அனுப்புங்கள் என்று வந்து நின்றால், "அது வேற கம்பெனி சார்" என்போம். காலை பத்து மணிக்கு அதையும் பதினோரு மணிக்கு இதையும் நானே சொல்லியிருக்கிறேன். நாக்கு கூசவில்லை. அது உத்தியோகம் என்று நினைத்துக்கொண்டேன்.

இதை முதலில் கண்டுபிடித்தவர் எங்கள் எதிர் வீட்டு அம்மி. மூன்று நான்கு தலைமுறையாகச் சரிகை வியாபாரம் செய்கிற முஸ்லிம் குடும்பம் அது. அம்மாவை அவர்கள் வீட்டில் அம்மி என்பார்கள், தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். சின்னதுக்கு மாறிய புதிதில், புது யூனிஃபார்ம் புடவையைக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடியவளை நிறுத்தி, முந்தானையை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். பெரிய கம்பெனியில் எனக்குப் பட்டு கொடுத்திருந்தார்கள். இது பாலியெஸ்டர்.

"என்னாடி இது, வேற எடத்துக்குப் போயிட்டியா?"

"இல்ல அம்மி, ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணுன்னா துணி ஏன் வேறயா இருக்குது?"

சிரித்துவிட்டு ஓடினேன். பஸ் போய்விடுமே என்ற கவலை எனக்கு.

அம்மியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் அப்பா பக்கத்துக் கிராமமான முசரவாக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர். எங்கள் வீட்டு வாசல்வரை வந்து, தண்ணீர் குடிக்காமல் திரும்பிப் போனவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். இந்தத் தெருவுக்கு நாங்கள் குடிவந்த முதல் வாரமே அம்மி உள்ளே வந்து உட்கார்ந்து, டீ போடு என்று கேட்டு வாங்கிக் குடித்தார். சர்க்கரை போதவில்லை என்று திட்டவும் செய்தார். அதற்காகவே அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

போன வருடம் வெயில் காலத்தில், ஒரு நாள் சாயங்காலம் அம்மி இறந்துபோனார். அவருடைய ஒரே மகன் துபாயில் புடவைக் கடையில் வேலை பார்க்கிறார். நான் அவரை அண்ணன் என்பேன். சேதி போன அரை மணி நேரத்தில் எனக்கு ஃபோன் செய்தார். அழுதபடியே கேட்டார்.

"தங்கச்சி, எதுல வந்தா அம்மி மூஞ்சியப் பார்க்க முடியும்?"

நான் அப்போது அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். மடியில் லேப்டாப்பைத் திறந்தேன். இருபது முப்பது பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறொரு கம்பெனியின் நேர் விமானம் இருந்தது. துபாயிலிருந்து ஏறினால் நேராகச் சென்னை, காலை ஒன்பது மணிக்கு இறங்கிவிடும். ஒரே ஒரு இடம் பாக்கி இருந்தது. எங்கள் கம்பெனியில் என்றால் மும்பை வரை பெரிய கம்பெனி விமானம், அங்கிருந்து சின்ன கம்பெனி விமானம், சென்னைக்குப் பன்னிரண்டரை. இரண்டுக்கும் தனித்தனி டிக்கெட்.

எங்களுடையதைத்தான் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று ஒரு வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் அப்படியொன்றும் கடினமில்லை. அந்த மகனை அந்தத் தாயிடம் கொண்டுவந்து சேர்த்தவள் நானாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் அல்லவா, திமிர் தலைக்கேறியது. நேர் விமானத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"நம்ம கம்பெனியிலயே வாங்கண்ணா. ரெண்டும் ஒண்ணுதான். ஒண்ணு தவறினா இன்னொண்ணு ஏத்திக்கினு வந்துடும்" என்றேன்.

மறுநாள் மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்யலாம் என்று ஜமாத்துப் பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அதிலும் நான் நுழைந்தேன். "அஸருக்கு வச்சிக்கோங்க பாய், ரெண்டரைக்கெல்லாம் அண்ணன் வந்துடுவாரு" என்று உறுதி கொடுத்தேன். என் பேச்சுக்காகச் சாயங்காலம் நாலரை மணி, அஸர் தொழுகைக்குப் பிறகு என்று நேரத்தை மாற்றினார்கள்.

மறுநாள் நான் டியூட்டியில் இருந்தேன். பத்து மணிக்கு மும்பையிலிருந்து ஃபோன் வந்தது.

"தங்கச்சி, இங்க ஃபிளைட் கேன்சல்னு போட்டிருக்குது. அடுத்தது சாயங்காலம் அஞ்சுக்குத்தானாம். பதினொண்ணரைக்குப் பெரிய கம்பெனி ஃபிளைட் ஒண்ணு இருக்குது. அதுல புது டிக்கெட் வாங்கிக்கட்டுமா?"

அவர் கையில் கார்டு இருந்தது. அந்த விமானத்தில் இடமும் இருந்தது, பெரிய கம்பெனிக் கவுன்ட்டரில் நின்ற என் பழைய சிநேகிதியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வாங்குங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"எதுக்குண்ணா? நம்ம கம்பெனிதானே. பத்து நிமிஷம் இருங்க, நான் பேசறேன்."

பெரிய கம்பெனியின் மும்பை கவுன்ட்டருக்கு ஃபோன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். விவரம் முழுவதும் கேட்டாள், மரியாதையாகத்தான் பேசினாள். கடைசியில், "மேடம், அது வேற கம்பெனி. டிக்கெட்டும் வேற" என்றாள். அவள் பேசியது இந்தி. ஆனால் குரல் என்னுடையது. இழுத்த இடம், நிறுத்திய இடம் எல்லாம் நான் தினமும் சொல்கிற மாதிரியே இருந்தது. சாவு வீடு என்றேன். வருந்துகிறோம் என்றாள். நானும் அப்படித்தான் வருந்துவேன். அவளுடைய மேலதிகாரியைப் பிடித்தேன். அவர் மெயில் அனுப்பச் சொன்னார். மெயில் அனுப்பினேன். பத்து நிமிடம் நாற்பது நிமிடமாகிவிட்டது.

அண்ணனைக் கூப்பிட்டு, "புதுசே வாங்கிடுங்கண்ணா" என்றேன்.

"கவுன்ட்டர மூடிட்டாங்கம்மா" என்றார்.

பதினொன்றரை விமானம் காலி இருக்கைகளோடு புறப்பட்டது. ஒன்றரைக்குச் சென்னையில் இறங்கிவிட்டது என்று எதிரே இருந்த பலகையில் எழுத்து ஓடியது. என் முன்னால் வரிசையில் நின்றவர், "மேடம், பெட்டிய வைக்கலாமா?" என்று இரண்டு தரம் கேட்டாராம். எனக்குக் காதில் விழவில்லை.

அஸர் முடிந்தும் அரை மணி நேரம் காத்திருந்தார்கள். அந்த வெயிலில் அதற்கு மேல் வைத்திருக்க முடியாது. உடலை எடுக்கும்முன் உறவுக்காரர் ஒருவர் செல்ஃபோனை அம்மியின் முகத்துக்கு நேராகப் பிடித்தாராம். மும்பை விமான நிலைய நாற்காலியில் உட்கார்ந்து அண்ணன் அதைப் பார்த்தார். அவர் தெருவுக்குள் வந்தபோது வாடகை நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

நான் போய் அவர் முன்னால் நின்றேன். யாரோ என்னை ஏதோ சொல்ல வாயெடுத்தார்கள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "தங்கச்சி என்னா பண்ணும்? கம்பெனி அப்படி. இங்கருந்து அது எவ்ளோ போராடிச்சு தெரியுமா?" என்றார். எனக்காகப் பரிந்து பேசினார். நேர் விமானம் ஒன்று இருந்தது என்று நான் அப்போதும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு தெருவில் யாருக்கு டிக்கெட் வேண்டுமானாலும் என்னிடம்தான் வருகிறார்கள். அண்ணன் மட்டும் கேட்டதில்லை. போன வாரம் லீவில் வந்தார். ஆட்டோவிலிருந்து இறக்கிய பெட்டியின் கைப்பிடியில் வேறு கம்பெனியின் சீட்டு ஒட்டியிருந்தது. நேர் விமானம். பெட்டிச் சீட்டைப் படிப்பதுதானே என் பிழைப்பு, தூரத்திலிருந்தே தெரிந்துவிட்டது.

வியாழக்கிழமை வேலை முடிந்து வந்தபோது அவர் வாசலில் நின்றிருந்தார்.

"உங்க கம்பெனி ரெண்டும் பிரியப்போவுதாமே? பேப்பர்ல போட்டிருக்குது."

"எங்களக் கேட்டிருக்காங்கண்ணா. இன்னும் ஒண்ணும் முடிவாகல."

"அன்னிக்கே பிரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார். குத்திக் காட்டுகிற மாதிரி இல்லை, சும்மா சொன்னார்.

கைப்பையில் படிவம் எழுதாமல் கிடந்தது. இனிமேலும் மறைத்தால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது.

"அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு வேற கம்பெனியில நேர் ஃபிளைட் இருந்துச்சு. ஒரு சீட்டு இருந்துச்சு. நான் பார்த்தேன். பார்த்துட்டும் சொல்லல."

அவர் எதிரே எங்கள் வீட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும்தாம்மா பார்த்தேன்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"உன்னோட பேசும்போது முன்னாடி கம்ப்யூட்டர்ல அதான் தொறந்திருந்துச்சு. பேரெல்லாம் அடிச்சிட்டேன். கார்ட கையில வச்சிக்கினு உக்காந்திருந்தேன். நீ ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்ன. சரி, நம்ம தங்கச்சி சொல்லுதேன்னு மூடிட்டேன்."

உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். "டீ குடிச்சிட்டுப் போம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். என்னால் உள்ளே போக முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் படிவத்தை மடியில் வைத்து எழுதினேன். பிரிய வேண்டும் என்று எழுதினேன். என் பதினான்கு வருடமும் அந்தப் பக்கம் போய்விடும் என்று தெரிந்துதான் எழுதினேன். காரணம் என்ற இடத்தில், கம்பெனியின் பேச்சை நம்பி ஒருவர் தன் தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போனார் என்று எழுதினேன். ஸ்ரீபெரும்புதூரில் பஸ் நின்றபோது அதை மறுபடியும் படித்தேன். கம்பெனியின் பேச்சை என்பதை அடித்துவிட்டு, மேலே என் பேச்சை என்று எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.