தெரியாது என்று எழுதிய வரி

செயற்கை நுண்ணறிவுக்கு உணர்வு இருக்குமா, இருந்தால் அதை எப்படி நடத்துவது என்று அரசுக்கு அறிக்கை எழுத ஒரு குழு அமைந்தது. தத்துவப் பேராசிரியர், கணினி விஞ்ஞானி, வழக்கறிஞர் என்று மூவர். வாய் பேசாத உயிரின் வலியைப் பார்த்தவள் என்று, திண்டுக்கல்லில் கால்நடை மருத்துவராக இருக்கும் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். காணொளியில்தான் கூடினோம்.

'இயந்திரத்துக்கு உணர்வு இல்லை' என்று வரைவில் ஒரு வரி இருந்தது. என் கருத்தைக் கேட்டார்கள். சின்னாளப்பட்டியில் நான் பார்த்த ஒரு மாட்டைப் பற்றிச் சொன்னேன்.

அது தீனி எடுக்காமல் நின்றது. வயிற்றை அழுத்தினேன், அசையவில்லை. வலி இல்லை, செரிமானக் கோளாறுதான் என்றேன்.

"இல்ல டாக்டரம்மா, இம்புட்டு அமைதியா அது நின்னதே இல்ல. எங்கயோ வலிக்குது," என்றார் அதை வளர்த்த பெண். மருந்து கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் மாடு செத்துப்போனது. அறுத்துப் பார்த்தபோது, அது விழுங்கியிருந்த கம்பி இதயம் வரை குத்தியிருந்தது.

"மாட்டுக்கு நரம்பு இருக்கு மேடம். இந்த இயந்திரம் நம்ம வார்த்தையையே நமக்குத் திருப்பிச் சொல்லுது," என்றார் விஞ்ஞானி. அவர் சொன்னதும் நியாயம்தான்.

"வலிக்குதுன்னு அது சொன்னாலும் நான் அப்படியே நம்பமாட்டேன் சார். ஆனா இல்லைன்னு கையெழுத்துப் போட எனக்குத் துணிச்சல் இல்ல," என்றேன்.

வெகுநேரம் வாதாடினோம். கடைசியில், 'இன்று நமக்குத் தெரியாது. அறிந்துகொள்ளும் ஆய்வுக்கு அரசு துணை நிற்க வேண்டும்' என்று வரி மாறியது. விஞ்ஞானி தன் மறுப்பைத் தனியாக எழுதினார். அதுவும் அறிக்கையில் இருக்கட்டும் என்று முதலில் சொன்னது நான்தான்.